பதினொரு ஒன்பதுகள் காக்காதவை

உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளம், 2017 ஜனவரி 31 அன்று மாலையிலிருந்தே திணறிக்கொண்டிருந்தது. ஸ்பேம் ஆசாமிகளால் தரவுத்தளத்தின் மேல் சுமை ஏறியிருந்தது. முதன்மை சர்வரில் எழுதப்படுவதையெல்லாம் உடனுக்குடன் படியெடுக்க வேண்டிய இரண்டாவது சர்வர் பின்தங்கி, கடைசியில் நின்றேபோனது. அதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் இரவு வெகுநேரம் போராடினார். இரண்டாவது சர்வரில் அரைகுறையாகக் கிடந்த கோப்புறையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து படியெடுக்கலாம் என்று முடிவுசெய்து, அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடிகளில் அவருக்கு உறைத்தது. கட்டளை ஓடிக்கொண்டிருந்தது முதன்மை சர்வரில். உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிபி தரவு இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியிருந்தது.

பேக்கப்தான் இருக்கிறதே, எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இந்த இடத்தில் எவருக்கும் தோன்றும். கிட்லேபில் ஒன்றுக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தரவுத்தளம் முழுவதையும் நாளுக்கு ஒருமுறை இறக்கி அமேசானின் எஸ்3 கிடங்குக்கு அனுப்புவது அவற்றில் முக்கியமானது. கிடங்கைத் திறந்து பார்த்தார்கள், காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இருந்திருக்கிறது. பதிப்பு ஒத்துப்போகாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றது. தோற்றதை மின்னஞ்சலில் தெரிவிக்கவும் செய்தது. ஆனால் அந்த மின்னஞ்சல்களை அனுப்பியவர் யார் என்பதற்கு முறையான சான்று இல்லை என்று பெறும் முனையிலேயே அவை நிராகரிக்கப்பட்டன. எனவே தோல்வியும் எவர் கண்ணிலும் படவில்லை, தோல்விச் செய்தியும் படவில்லை.

கிட்லேப் அப்போது மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடில் இருந்தது. அங்கே வட்டுகளின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி உண்டு. கோப்பு சர்வர்களுக்கு அதைப் போட்டிருந்தார்கள், தரவுத்தள சர்வர்களுக்குப் போடவில்லை. மற்ற ஏற்பாடுகள் இருக்கின்றன என்ற நம்பிக்கை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட். அது இருந்த சோதனைச் சூழலின் வட்டுகள் மெதுவானவை. அங்கிருந்து தரவைத் திருப்பி நகர்த்த மட்டும் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. பயனர்கள் எழுதிய நிரல் களஞ்சியங்கள் தப்பித்தன. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 புதிய திட்டங்களின் விவரங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் திரும்பி வரவில்லை.

இந்த நிகழ்ச்சியை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிய முடிவதற்கு அந்த நிறுவனம்தான் காரணம். மீட்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தங்கள் பணிக்குறிப்புகளைப் பொதுவில் திறந்து வைத்தார்கள், யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், பிறகு விரிவான அறிக்கையும் வெளியிட்டார்கள். அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. எந்தக் கணினித் துறை மாணவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது என்பேன். ஏனென்றால் கிளவுடில் போட்டுவிட்டால் தரவு பத்திரம் என்று நம்மில் பலருக்கும் இருக்கும் தவறான எண்ணத்தை அது அடியோடு மாற்றிவிடும்.

அந்த எண்ணத்துக்கு வலுவான அடிப்படை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 சேவை, தரவின் நிலைத்தன்மைக்குத் தரும் இலக்கு 99.999999999 சதவீதம். எண்ணிப் பார்த்தால் பதினொரு ஒன்பதுகள். அமேசானே இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. ஒருவர் அதில் ஒரு கோடி கோப்புகளைப் போட்டு வைத்தால், சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு கோப்பை இழக்கலாம். வீட்டு மேசையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் எதுவும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. இது எப்படிச் சாத்தியமாகிறது?

ஒரே கோப்பை மூன்று நான்கு வட்டுகளில் எழுதி வைப்பது எளிய வழி. ஆனால் மூன்று பிரதி என்றால் மூன்று மடங்கு வட்டு வேண்டும். பெரிய கிடங்குகள் இன்னும் நுட்பமான ஒரு வழியைக் கையாள்கின்றன. 7, 5 என்ற இரண்டு எண்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுடன் அவற்றின் கூட்டுத்தொகையான 12 என்பதை மூன்றாவது வட்டில் எழுதுகிறோம். இரண்டாம் எண்ணை இரட்டித்து முதல் எண்ணோடு கூட்டினால் 17. அதை நான்காவது வட்டில் எழுதுகிறோம். இப்போது நான்கில் எந்த இரண்டு வட்டுகள் கெட்டாலும் கவலையில்லை. 7, 5 இருந்த இரண்டு வட்டுகளுமே போய்விட்டன என்றால், மிஞ்சியிருப்பவை 12, 17. பதினேழிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் இரண்டாம் எண் 5. பன்னிரண்டிலிருந்து அதைக் கழித்தால் முதல் எண் 7. பள்ளிக்கூடத்தில் படித்த இரட்டைச் சமன்பாடுதான்.

இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1960இல் இந்தக் கருத்தை முறையான குறியீடாக வகுத்துக் கொடுத்தார்கள். கீறல் விழுந்த சிடியில் பாட்டு தடையில்லாமல் ஒலித்ததற்கும், ஓரம் கிழிந்த க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசி படித்துவிடுவதற்கும் அந்தக் குறியீடே காரணம். பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் 2015இல் தன் முறையை வெளிப்படையாக விளக்கியது. ஒவ்வொரு கோப்பையும் 17 துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட 3 துண்டுகளைச் சேர்த்து, மொத்தம் 20 துண்டுகளை 20 சர்வர்களில் பிரித்து வைத்தது. எந்தப் பதினேழு துண்டுகள் கிடைத்தாலும் கோப்பு முழுதாகக் கிடைக்கும். இதற்காகும் கூடுதல் இடம் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. இதோடு, ஓய்வான நேரங்களில் கிடங்கின் மென்பொருள் தன் துண்டுகளைத் தானே படித்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று கெட்டிருந்தால் மற்றவற்றைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்துவைக்கும். லட்சக்கணக்கான வட்டுகள் உள்ள ஓர் இடத்தில் தினமும் சில வட்டுகள் சாகும். அதை நாம் அறிவதே இல்லை. மனித அறிவின் அருமையான சாதனைகளில் ஒன்றாக நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் இத்தனை கணிதமும் எதிர்த்து நிற்பது ஒரே ஒரு பகையை: வட்டு கெட்டுப்போவதை. உரிய அனுமதியுள்ள ஒருவர் ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால், அந்த இருபது துண்டுகளையும் கிடங்கு ஒன்றுவிடாமல் அழிக்கும். அப்படிச் சொன்னவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாரா, வேறு திரையைப் பார்த்துத் தட்டினாரா, அவருடைய பாஸ்வேர்டைத் திருடிய வேறொருவரா என்பது கிடங்குக்குத் தெரியாது. பதினொரு ஒன்பதுகள் என்ற கணக்கில் இதெல்லாம் இழப்பாகவே சேராது. கேட்டபடி செய்த வேலை அது.

கைப்பேசியில் தினமும் நடப்பதும் இதுவே. கூகுள் போட்டோஸில் படங்கள் ஏறிவிட்டன என்ற தைரியத்தில், ஃபோனில் இடம் போதவில்லையென்று அதே செயலிக்குள் நுழைந்து பழைய படங்களை அழிப்பவர்கள் நிறையப் பேர். அது ஃபோனிலிருந்து மட்டும் போகும் என்று நினைக்கிறார்கள். கிளவுடிலிருந்தும் போகிறது, அதே கணக்கில் இணைந்த டேப்லெட்டிலிருந்தும் போகிறது. ஃபோனில் மட்டும் இடத்தைக் காலிசெய்ய அந்தச் செயலியிலேயே தனி வசதி இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. இரண்டு இடங்களை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பது சிங்க். ஓரிடத்தில் நேர்ந்த தவறு மற்ற இடத்துக்குப் பரவாமல் தடுப்பது பேக்கப். இரண்டும் ஒரே செயலியில், ஒரே குறியோடு வருவதால்தான் இத்தனை குடும்பங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இழக்கின்றன. சேவை நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைத் திரையில் இன்னும் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அழிக்கச் சொன்னதை உடனே அழிக்காமல் சில நாள் வைத்திருப்பது முதல் அரண். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள், கிளவுடில் ஏறிய படங்களுக்குக் கூகுள் போட்டோஸில் 60 நாள். அதைத் தாண்டினால் இல்லை. நிறுவனங்கள் பயன்படுத்தும் கிடங்குகளில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு உண்டு. எஸ்3இல் 2010 முதல் பதிப்பு காக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், ஒரு கோப்பின் மேல் புதியதை எழுதினாலும் பழைய பதிப்பு கீழே அப்படியே இருக்கும். அழித்தால்கூட, அழிக்கப்பட்டது என்ற ஓர் அடையாளம் மேலே வந்து உட்காருமே தவிர உள்ளடக்கம் போகாது. அந்த அடையாளத்தை நீக்கினால் கோப்பு மீண்டும் வந்துவிடும்.

ஸ்னாப்ஷாட் என்பதும் இதே எண்ணத்தின் விரிவு. ஒரு வட்டில் இருப்பதையெல்லாம் படியெடுப்பதாக நாம் கற்பனை செய்கிறோம், ஆனால் ஒரு டெராபைட் வட்டின் ஸ்னாப்ஷாட் சில நொடிகளில் முடிந்துவிடும். வட்டைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, இந்த நேரத்தில் எந்தெந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்ற பட்டியலை மட்டும் அது குறித்துக்கொள்கிறது. அதன்பின் ஒரு கட்டத்தில் மாற்றம் வந்தால் பழையதைக் காப்பாற்றிவிட்டுப் புதியதை வேறிடத்தில் எழுதுகிறது. மாறாத கட்டங்கள் பழைய பட்டியலுக்கும் புதிய பட்டியலுக்கும் பொதுவாக இருக்கும். நாளுக்கு ஒன்றாக முப்பது ஸ்னாப்ஷாட் எடுத்தாலும் முப்பது மடங்கு இடம் ஆகாததன் ரகசியம் இது. கிளவுடில் வட்டின் ஸ்னாப்ஷாட்டைத் தொலைவில் உள்ள கிடங்குக்கு நகர்த்தும்போதும், முன்பு அனுப்பியதற்குப் பிறகு மாறிய கட்டங்கள் மட்டுமே பயணம் செய்யும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. முழுப் பேக்கப் ஒன்று, அதன் மேல் அன்றாட மாற்றங்கள் என்று சங்கிலியாகச் சேர்ந்த ஒன்றை மீட்க வேண்டுமென்றால் எல்லாக் கண்ணிகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று கெட்டிருந்தால் அதற்குப் பின்னால் வந்தவை பயன்படாமல் போகலாம். கெட்டிருக்கிறதா என்பது மீட்கிற நாளில்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் கணக்கிலிருந்து பணம் கழிந்து, மற்றவர் கணக்கில் இன்னும் ஏறாத இடைநொடியில் கோப்புகளைப் படியெடுத்தால், அந்தப் பிரதியில் பணம் எங்கேயும் இருக்காது. எனவே நல்ல தரவுத்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவிடுகின்றன. அந்தக் குறிப்பேட்டைத் தொடர்ந்து வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், பழைய பேக்கப்பின் மேல் அதை வரிவரியாக ஓட்டி, விபத்து நடந்ததற்கு ஒரு நிமிடம் முந்தைய நிலைவரை கொண்டுவர முடியும். கிட்லேப் இழந்த ஆறு மணி நேரத்தை இப்படி ஒரு ஏற்பாடு காப்பாற்றியிருக்கும்.

எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்குவோம், மீண்டு வர எவ்வளவு நேரம் ஆனால் தாங்குவோம் என்ற இரண்டு கேள்விகளைத் துறையில் இருப்பவர்கள் தனித்தனியே கேட்கிறார்கள். வங்கிக்கு முதல் கேள்வியின் விடை கிட்டத்தட்டப் பூஜ்யம். வீட்டுப் படங்களுக்கு ஒரு வாரம்கூடப் பரவாயில்லை.

மென்பொருளே பகையாகும் நாளும் உண்டு. 2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயில் பயனர்களில் சிலர் தங்கள் பெட்டியைத் திறந்தபோது ஒரு கடிதமும் இல்லை. மொத்தப் பயனர்களில் 0.02 சதவீதம் என்று கூகுள் சொன்னது. சதவீதமாகப் பார்த்தால் துளி, ஆனால் ஜிமெயிலின் அளவுக்குப் பல்லாயிரம் பேர். சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்திருக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் வெவ்வேறு தரவு மையங்களில் பல பிரதிகள் இருந்தன. பிழை மென்பொருளிலேயே இருந்ததால் அது ஒரே கடிதத்தின் பல பிரதிகளையும் தொட்டது. கூகுளைக் காப்பாற்றியது காந்த நாடா. 1950களிலிருந்து கணினிகளோடு இருக்கும் பழைய டேப். அது இணைப்பில் இல்லாமல் தனியே இருந்தது, ஆகவே அந்த மென்பொருள் பிழை அதை எட்டவில்லை. டேப்பிலிருந்து படிப்பது மெதுவான வேலை. சில பயனர்கள் தங்கள் கடிதங்களுக்காகக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பேக்கப் எடுக்கும் மென்பொருளே அழித்த கதை இன்னும் வேதனையானது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், சூப்பர் கணினியின் சேமிப்பிலிருந்து 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவு மறைந்தது. சுமார் 3.4 கோடி கோப்புகள். பதினான்கு ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியாது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. பழைய பதிவுக் குறிப்புகளை அவ்வப்போது துப்புரவு செய்ய பேக்கப் நிரலில் ஒரு பகுதி இருந்தது. கணினியை வழங்கிய நிறுவனம் அந்த நிரலைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை வைத்தது. பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடிய அந்த நிரலில், எந்தக் கோப்புறையைத் துடைப்பது என்று சொல்லும் மாறி வெறுமையாகிவிட்டது. பதிவுக் குறிப்புகளுக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளைத் துடைத்தது. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. வருடக்கணக்கில் செய்த கணிப்புகள் அதனால் திரும்பிவிடவில்லை.

பிறகு, பிரதிகள் இருக்கும் இடமே பகையாகலாம். 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவைத் தாண்டி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் தீக்கிரையானது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி எரிந்தது. ரஸ்ட் என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம் தன் ஐரோப்பிய சர்வர்கள் இருபத்தைந்தின் தரவு மீளாது என்று அறிவித்தது. காசு கொடுத்துப் பேக்கப் சேவை வாங்கியிருந்த வாடிக்கையாளர்களில் சிலருக்கு, அந்தப் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது அன்றுதான் தெரியவந்தது. மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதுபோல ஆயிற்று. அவர்களில் சிலர் வழக்குத் தொடுத்து இழப்பீடும் பெற்றார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க் செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. இருந்தும் நான்கரை ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 26 அன்று இரவு, தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரிகளில் தீப்பிடித்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. பெரும்பாலானவை படிப்படியாகத் திரும்பின. திரும்பாதது ஜி-டிரைவ். அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்காமல் அங்கே வைக்கட்டும் என்று அரசே கட்டிய கிளவுட், ஆளுக்கு 30 ஜிபி. அதிலிருந்த 858 டெராபைட்டுக்கு வெளியே எங்கும் பேக்கப் இல்லை. அளவு மிகப் பெரிது, அதற்கு வெளியில் பேக்கப் எடுக்க அந்த அமைப்பு இடம்கொடுக்கவில்லை என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து எல்லாவற்றையும் ஜி-டிரைவில் மட்டுமே வைத்திருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகம்தான் மிக அதிகம் இழந்தது. சொன்னபடி கேட்டவர்களுக்கே பெரிய இழப்பு என்பது எனக்கு ஆறாத வருத்தம் தருகிறது. உலகிலேயே மிக அதிகம் கணினிமயமான அரசுகளில் ஒன்று அது. தரவு பெரிது என்பது பேக்கப் எடுக்காமலிருக்கக் காரணமாக முடியாது. எடுக்க முடியாத அளவுக்குப் பெரிதென்றால், ஊழியர்களை அதில் மட்டும் வைக்கும்படி சொல்லியிருக்கக் கூடாது.

தீ எரியும் கட்டடத்துக்கு எல்லை உண்டு. ஒரு கணக்கின் பாஸ்வேர்டுக்கு அந்த எல்லையும் கிடையாது. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற சிறு நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கணக்குக்குள் ஒருவர் புகுந்தார், பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கியதும், தான் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்த வேறு நுழைவுகள் வழியாக அழிக்க ஆரம்பித்தார். சர்வர்கள், ஸ்னாப்ஷாட்டுகள், எஸ்3 கிடங்குகள், வெளியிடத்துப் பேக்கப் என்று அவர்கள் நம்பியிருந்தவை, எல்லாமே அந்த ஒரு கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்தன. பன்னிரண்டு மணி நேரத்தில் நிறுவனம் முடிந்துபோனது. இதற்குத் தடுப்பாக அமேசான் 2018இல் எஸ்3இல் பூட்டு வசதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் கடுமையான முறையில் ஒரு கோப்பை ஓராண்டுக்குப் பூட்டினால், கணக்கின் உச்ச அதிகாரம் உள்ளவர்கூட அதற்குள் அழிக்க முடியாது. தரவைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் இன்று முதலில் தேடிப்போய் அழிப்பது பேக்கப்பைத்தான் என்பதால், இந்தப் பூட்டு பெரிய பாதுகாப்பு. ஆனால் அதற்கும் ஒரு விலக்கை ஆவணத்தில் அமேசானே எழுதியிருக்கிறது: கணக்கையே மூடினால் பூட்டிய கோப்பும் போகும்.

கணக்கை யாரும் மூடாமலே, கிளவுட் நிறுவனமே அழித்துவிடுவது நடக்குமா? ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அதன் அமைப்புகள் கூகுள் கிளவுடில் இரண்டு தனித்தனி இடங்களில் இரட்டித்து வைக்கப்பட்டிருந்தன. 2024 மே தொடக்கத்தில் அவை மறைந்தன. ஓராண்டுக்கு முன் அந்தச் சூழலை அமைத்தபோது கூகுள் ஊழியர் ஒருவர் உள்கருவி ஒன்றில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். நிரப்பாவிட்டால் ஓராண்டு என்று கருவி தானாக எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்ததாகக் கருதி அழித்தது. வாடிக்கையாளர் கேட்டு அழிப்பது அல்ல என்பதால் முன்னறிவிப்பும் போகவில்லை. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். இருந்தும் தரவு இழப்பு பேரழிவாக மாறவில்லை. யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது. அந்தச் செலவுக்கு ஒப்புதல் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு அந்த ஆறு லட்சம் பேரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

மீட்பு நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பனை விளம்பரங்கள் அதைத் தொடுவதில்லை. ஒரு டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பில் இறக்க, இணைப்பு ஒரு நொடியும் தடைபடாமல் இருந்தாலே 22 மணி நேரம் ஆகும். மலிவான ஆவணக் கிடங்குகளில் கோப்பு உடனே கிடைப்பதும் இல்லை. அமேசானின் மிக மலிவான வகையில், வேண்டும் என்று கேட்டபின் தயாராவதற்கே 12 மணி நேரம், இன்னும் மலிவான வழியில் 48 மணி நேரம் வரை பிடிக்கும். பெரிய அளவுக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பிவைக்கும் சேவைகள் இன்றும் இருப்பதற்கு இதுவே காரணம். குறியாக்கம் செய்த பேக்கப்புக்கு இன்னொரு நிபந்தனை. வாட்ஸ்அப் 2021இல் அறிமுகம் செய்த முழுக் குறியாக்கப் பேக்கப்பில், பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது, கூகுளாலும் முடியாது. பாதுகாப்பு என்ற வகையில் அது சரிதான். அந்தச் சாவி ஃபோனில் மட்டும் இருந்தால், ஃபோன் தொலைந்த நாளில் உரையாடல்களும் தொலையும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் 2005இல் புகைப்படக்காரர்களுக்காக எழுதிய நூலால் பரவிய ஒரு விதி இன்றும் துறையில் நிற்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறிடத்தில். மேலே பார்த்த விபத்துகளோடு பொருத்திப் பார்த்தால் அதற்கு இரண்டு திருத்தங்கள் வேண்டும். வேறிடம் என்பது வேறு கட்டடமாக மட்டும் இருந்தால் போதாது, வேறு கணக்காகவும் முடிந்தால் வேறு நிறுவனமாகவும் இருக்க வேண்டும். இன்னொன்று, மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். கிட்லேபில் பேக்கப் எடுக்கும் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றிலிருந்தாவது மாதம் ஒருமுறை தரவை வெளியே எடுத்துப் பார்ப்பதைத் தன் வேலையாகக் கொண்ட ஆள்தான் இல்லை.

வீட்டில் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. கூகுளிலும் ஆப்பிளிலும் நம் தரவு முழுவதையும் கோப்புகளாகத் தரச்சொல்லிக் கேட்கும் வசதி உண்டு. கூகுளில் அதன் பெயர் டேக்அவுட். ஆண்டுக்கு இருமுறை அதைக் கேட்டு வாங்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, கணினியிலிருந்து கழற்றி, முடிந்தால் உறவினர் வீட்டில் வைத்தால் போதும். இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. காலமானவர்களின் கணக்கில் இருக்கும் படங்களும் கடிதங்களும் இதில் அடங்கும் என்பதைக் குடும்பத்தினர் நினைவில் வைக்க வேண்டும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு பழைய படத்தையோ குரல் பதிவையோ நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஃபோனைத் தொடாமல், வேறொரு கருவியில், உங்கள் பேக்கப்பிலிருந்து மட்டும் அதை எடுத்துத் திறந்து பாருங்கள். படம் முழு அளவில் வருகிறதா, குரல் கடைசி வரை ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பெரியவர்களின் ஃபோனுக்கும் அதையே செய்து கொடுங்கள். அவர்களுடைய பாஸ்வேர்டையும் மீட்புச் சாவியையும் ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.